பொக்லைன் இயந்திரச் சிற்றளவு மாதிரி

பொக்லைன் இயந்திரச் சிற்றளவு மாதிரி என்பது, மண் தோண்டி அள்ளும் இயந்திரம் ஒன்றின் எல்லா நீளங்களையும் ஒரே விகிதத்தில் குறைத்துக் கையால் செய்யப்படும் உருவம் ஆகும். கடையில் விற்கும் பொம்மையில் பக்கெட் பெரிதாகவும் செயின் சிறிதாகவும் இருக்கலாம். விளையாட அது போதும். சிற்றளவு மாதிரியில் அப்படி இருக்கக் கூடாது. மாதிரியின் எந்தப் பகுதியை அளந்து விகித எண்ணால் பெருக்கினாலும் உண்மை இயந்திரத்தின் அளவு கிடைக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனைதான் இதைப் பொம்மையிலிருந்து பிரித்துப் பாடமாக ஆக்குகிறது.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் சிரிஞ்சுகளைக் கொண்டு இயங்கும் மண் அள்ளும் இயந்திரம் அடிக்கடி காணப்படும் மாதிரி. ஆனால் பெரும்பாலும் அது விகிதம் பார்க்காமல் செய்யப்படுகிறது. நம் ஊரில் வேலை செய்யும் ஓர் இயந்திரத்தை அளந்து, விகிதப்படி மாதிரி செய்யும் முறையையும், அதில் தெரியவரும் கணக்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் மண் அள்ளும் இயந்திரத்தை ஜேசிபி, பொக்லைன், ஹிட்டாச்சி என்ற மூன்று பெயர்களால் அழைக்கிறார்கள். மூன்றும் நிறுவனப் பெயர்கள்.

பொக்லைன் பிரான்சு நாட்டு நிறுவனம். 1951இல் எண்ணெய் அழுத்தத்தால், அதாவது ஹைட்ராலிக் முறையில் இயங்கும் மண் அள்ளும் இயந்திரத்தை அது செய்தது. 1961இல் வெளிவந்த அதன் டிஒய்45 என்ற இயந்திரம் முழு வட்டமாகச் சுழலக்கூடியது. இந்தியாவில் எல் அண்ட் டி நிறுவனம் பொக்லைன் தொழில்நுட்பத்தில் இயந்திரங்களைத் தயாரித்து விற்றதால் இந்தப் பெயர் நம் செய்தித்தாள்களிலும் ஊர்ப் பேச்சிலும் நிலைத்துவிட்டது.

ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் 1945இல் இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனம். 1979 முதல் இந்தியாவிலும் தயாரிக்கிறது. நம் தெருக்களில் ஜேசிபி என்று சுட்டப்படும் மஞ்சள் வண்டிக்கு நான்கு டயர்கள். முன்னால் அகலமான அள்ளும் தட்டு, பின்னால் தோண்டும் கை. செயின் மேல் நகர்ந்து, முழு வட்டமாகச் சுழன்று, ஒரே கையால் தோண்டுவது வேறு வகை. இக்கட்டுரை செயின் வகையைப் பற்றியது. மாதிரி செய்யத் தொடங்குமுன் இரண்டில் எது என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. இரண்டையும் கலந்த மாதிரிகள் கண்காட்சிகளில் உண்டு.

உண்மை இயந்திரத்தின் அமைப்பு

செயின் வகை இயந்திரத்தை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம்.

முதலாவது அடிப்பகுதி. இரண்டு பக்கமும் இரும்புத் தகடுகள் கோத்த செயின். எடையை அகலமாகப் பரப்புவதால் சேற்றிலும் மணலிலும் இயந்திரம் புதைவதில்லை.

இரண்டாவது சுழலும் மேல்தளம். இதில் ஆபரேட்டர் கேபின், இன்ஜின், எண்ணெய்ப் பம்பு, பின்புறத்தில் கனமான எதிர் எடை ஆகியவை உள்ளன.

மூன்றாவது தோண்டும் கை. இதில் தளத்தோடு மூட்டப்பட்ட, வளைந்த பெரிய பகுதி பூம்; அதன் நுனியில் ஆர்ம்; ஆர்மின் நுனியில் பக்கெட். பூமைத் தூக்க இரண்டு சிலிண்டர்கள், ஆர்முக்கு ஒன்று, பக்கெட்டுக்கு ஒன்று என நான்கு சிலிண்டர்கள் இதை இயக்குகின்றன.

சிலிண்டர்கள் பொருத்தப்பட்ட இடத்தைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். பூமைத் தூக்குவது, ஆர்மை உள்ளே இழுப்பது, பக்கெட்டை உள்ளே மடக்குவது ஆகிய மூன்று கடினமான வேலைகளும் பிஸ்டன் தண்டு வெளியே நீளும்போதுதான் நடக்கின்றன. நீளும்போது எண்ணெய் பிஸ்டனின் முழுப் பரப்பையும் தள்ளுகிறது. சுருங்கும்போது தண்டின் பருமன் அளவுக்குப் பரப்பு குறைந்துவிடுவதால் விசையும் குறைகிறது. மாதிரியிலும் இந்த ஒழுங்கைக் காப்பாற்ற வேண்டும்.

விகிதத்தைத் தேர்ந்தெடுத்தல்

உலோகத்தில் செய்து விற்கப்படும் சேகரிப்பு மாதிரிகள் பெரும்பாலும் 1:50 விகிதத்தில் உள்ளன. ரேடியோவால் இயக்கப்படும் மாதிரிகளில் 1:14 பரவலானது. கையால் செய்யும் மாணவருக்கு 1:20 ஏற்றது. மாதிரி மேசை மேல் அடங்கும். சிரிஞ்சு பொருத்தவும் இடம் இருக்கும். 20ஆல் வகுப்பதும் எளிது.

20 டன் வகை இயந்திரத்தின் ஏறத்தாழ அளவுகளும் 1:20 மாதிரியில் அவை பெறும் அளவுகளும் பின்வருமாறு:

- மொத்த நீளம் (கை மடங்கிய நிலையில்): 9.5 மீ. – 47.5 செ.மீ.
- அகலம்: 2.8 மீ. – 14 செ.மீ.
- கேபின் உச்சி வரை உயரம்: 3 மீ. – 15 செ.மீ.
- பூம் நீளம்: 5.7 மீ. – 28.5 செ.மீ.
- ஆர்ம் நீளம்: 2.9 மீ. – 14.5 செ.மீ.
- செயின் தகட்டின் அகலம்: 60 செ.மீ. – 3 செ.மீ.
- பக்கெட் கொள்ளளவு: 1 கன மீட்டர் – 125 மி.லி.
- எடை: 20 டன் – 2.5 கிலோ

கடைசி இரண்டு வரிகளை மாணவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். கொள்ளளவும் எடையும் ஏன் 20ஆல் வகுக்கப்படவில்லை என்று கேட்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 மடங்கு குறைவதால் கன அளவு 20 × 20 × 20 = 8,000 மடங்கு குறைகிறது. ஆயிரம் லிட்டர் கொள்ளும் பக்கெட் 125 மி.லி. ஆகிறது, சிறிய தம்ளர் அளவுதான். மாதிரியின் எடையும் ஏறக்குறைய 2.5 கிலோ வந்தால், பொருளும் பருமனும் சரியாக அமைந்தன என்று கொள்ளலாம்.

இயந்திரத்தை அளத்தல்

ஊரில் குளம் தூர் வாரவோ அடித்தளம் தோண்டவோ வந்திருக்கும் இயந்திரத்தை, வேலை நேரம் முடிந்தபின் உரிமையாளர் அல்லது ஆபரேட்டரின் அனுமதியோடு அளக்கலாம். இன்ஜின் நின்றிருக்க வேண்டும். பக்கெட் தரையில் படிந்திருக்க வேண்டும். தூக்கி நிற்கும் பூமின் கீழ் ஒருபோதும் போகக் கூடாது. மாணவர்களைப் பெரியவர் ஒருவர் துணையின்றி அனுப்பக் கூடாது.

கைக்கு எட்டும் பகுதிகளை நாடாவால் அளந்து, எட்டாதவற்றைப் புகைப்படத்திலிருந்து கணக்கிடலாம். இயந்திரத்தின் பக்கவாட்டில், முடிந்தவரை தள்ளி, அதன் நடு உயரத்துக்கு நேராகக் கேமராவைப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். கிட்டே நின்று எடுத்தால் அருகில் உள்ள பகுதி பெருத்தும் தொலைவில் உள்ளது சிறுத்தும் விழும். படத்தில் ஏற்கெனவே அளந்த ஒரு நீளம் இருக்க வேண்டும். செயினின் முழு நீளம் அதற்கு ஏற்றது. அது உண்மையில் 4.2 மீட்டராகவும் அச்சிட்ட படத்தில் 8.4 செ.மீ. ஆகவும் இருந்தால், படத்தின் 1 செ.மீ. உண்மையின் 50 செ.மீ. ஆகும். மூட்டுகளுக்கு இடையிலான தொலைவுகளை இப்படிக் கண்டு, 20ஆல் வகுத்து, கட்டம் போட்ட தாளில் பக்கத் தோற்றத்தை வரைந்துகொள்ள வேண்டும். மூட்டுப் புள்ளிகள் 2 மி.மீ. பிசகினாலும் கை சரியாக மடங்காது. ஆகவே மாதிரியின் வெற்றி பெரும்பாலும் இந்தத் தாளிலேயே முடிவாகிவிடுகிறது.

பொருள்கள்

- பூம், ஆர்ம், தளம்: 3 மி.மீ. பிளைவுட் அல்லது பி.வி.சி. ஷீட்
- பக்கெட்: பழைய டின் தகடு
- மூட்டு அச்சு: 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக் கம்பி
- மூட்டுக் குழல்: தீர்ந்துபோன பேனா ரீஃபில்
- செயின்: ரெக்ஸின் பட்டையில் ஒட்டிய மரத் துண்டுகள் அல்லது பழைய சைக்கிள் செயின்
- உருளைகள்: கடைசல் மரம்
- ஹைட்ராலிக்: 10 மி.லி., 20 மி.லி. சிரிஞ்சுகள், மீன் தொட்டிக்குப் போடும் காற்றுக் குழாய்

உருளைகளுக்குப் பாட்டில் மூடிகளைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆனால் திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கிறது. அவ்வூரின் மரச் சொப்புச் சாமான்கள் பெயர் பெற்றவை. அடுப்பு, பானை, அம்மி, ஆட்டுரல் என்று ஒரு வீட்டுச் சமையலறை முழுவதையும் குழந்தையின் கைக்கு அடங்கும்படி கடைந்து தரும் தொழில் அது. பெரிய பொருளின் வடிவம் கெடாமல் சிறிதாக்கும் கை அங்கு ஏற்கெனவே பழகிய கை. வரைபடத்தைக் காட்டிக் கேட்டால் ஒரே அளவில் உருளைகள் கடைந்து வாங்கலாம்.

சைக்கிள் செயினைப் போடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. உண்மை இயந்திரத்தின் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறக்குறைய 190 மி.மீ. 1:20 விகிதத்தில் அது 9.5 மி.மீ. ஆக வேண்டும். சைக்கிள் செயினில் இந்த இடைவெளி 12.7 மி.மீ. எனவே ஒரு பக்கத்துக்கு 45 தகடுகள் வர வேண்டிய இடத்தில் சுமார் 34 தான் வரும். உறுதி வேண்டுமானால் சைக்கிள் செயின். விகிதம் வேண்டுமானால் மரத் துண்டு. எதைத் தேர்ந்தாலும் அதை விளக்க அட்டையில் எழுதிவைப்பது முறை.

செய்முறை

அடிப்பகுதி: இரண்டு செயின் சட்டங்களையும் நடுவே ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைக்க வேண்டும். நடுவில் பழைய மின்விசிறியின் பால் பேரிங் ஒன்றைப் பதித்தால் மேல்தளம் இடறாமல் சுழலும். சிரிஞ்சுக் குழாய்களைப் பேரிங்கின் நடுத் துளை வழியாகக் கீழே இறக்கினால் சுழலும்போது அவை கையில் சுற்றிக்கொள்ளா. உண்மை இயந்திரத்தில் இதே இடத்தில் சுழலும் எண்ணெய் இணைப்பு ஒன்று இருப்பதால் அது எத்தனை சுற்றும் சுற்றலாம். மாதிரியை அரை வட்டத்தோடு நிறுத்த ஒரு தடுப்புக் கட்டை வைப்பது நல்லது.

பூமும் ஆர்மும்: இரண்டு பக்கத் தகடுகளை ஒன்றாக அடுக்கி, மூட்டுத் துளைகளை ஒரே தடவையில் துளையிட வேண்டும். தனித்தனியே துளையிட்டால் அச்சு கோணலாகும். பின்னர் மேலும் கீழும் பட்டை ஒட்டிப் பெட்டி போல மூட வேண்டும். ஒற்றைப் பலகையைவிடப் பெட்டி வடிவம் முறுக்கைத் தாங்கும். உண்மைப் பூமும் உள்ளே வெற்றான இரும்புப் பெட்டிதான்.

பக்கெட் இணைப்பு: பெரும்பாலான கண்காட்சி மாதிரிகளில் சிலிண்டர் நேராகப் பக்கெட்டோடு மூட்டப்படுகிறது. உண்மையில் அப்படி இல்லை. ஆர்மோடு மூட்டிய ஒரு நெம்புகோலும் பக்கெட்டோடு மூட்டிய ஓர் இணைப்புத் தண்டும் ஓரிடத்தில் சேர, அந்த இடத்தைச் சிலிண்டர் தள்ளுகிறது. ஆர்ம், நெம்புகோல், இணைப்புத் தண்டு, பக்கெட் ஆகிய நான்கும் நான்கு மூட்டுகளில் ஒரு நாற்கரமாக அமைகின்றன. இந்த அமைப்பால்தான் சிலிண்டரின் நேர்க்கோட்டு நகர்வு பக்கெட்டை ஏறத்தாழ அரை வட்டம் திருப்புகிறது. நேராக மூட்டினால் அவ்வளவு திரும்பாது. அள்ளிய மண் பாதி வழியில் கொட்டிவிடும். இதைத் தவிர்க்கக் கூடுதலாக வேண்டியவை நான்கு தகட்டுத் துண்டுகளும் இரண்டு அச்சுகளுமே.

எதிர் எடை: பக்கெட்டில் 200 கிராம் ஈர மணல் இருந்து, அது செயினின் முன் விளிம்பிலிருந்து 40 செ.மீ. தள்ளி நின்றால், கவிழ்க்கும் திருப்புத்திறன் 200 × 40 = 8,000. கையின் சொந்த எடை 200 கிராம், அதன் நடு 15 செ.மீ. தள்ளி என்றால் மேலும் 3,000. பின்புறத்தில் வைக்கும் எடை அதே முன் விளிம்பிலிருந்து 20 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டால், 11,000 ÷ 20 = 550 கிராம் தேவை. அடிப்பகுதியின் எடையும் உதவும். ஆனாலும் 550 கிராம் வைத்துவிட்டால் கவலையில்லை. பழைய இரும்பு நட்டுகளைக் களிமண்ணில் பதித்து இந்த எடையைச் செய்யலாம்.

சிரிஞ்சு ஹைட்ராலிக்

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பாய்மங்கள் என்ற பாடத்தில் இது வருகிறது. சிறிய சிரிஞ்சை அழுத்திப் பெரிய சிரிஞ்சைத் தள்ளினால் விசை பெருகும். நகரும் தூரம் குறையும். விட்டம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு, தூரம் நான்கில் ஒன்று.

பூமைத் தூக்க இரண்டு 10 மி.லி. சிரிஞ்சுகளும், அவற்றை இயக்க ஒரு 20 மி.லி. சிரிஞ்சும் பொருத்தமானவை. ஆர்முக்கும் பக்கெட்டுக்கும் 10 மி.லி.க்கு 10 மி.லி. போதும். 10 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டன் ஏறக்குறைய 6 செ.மீ. ஓடும். உண்மைப் பூம் சிலிண்டரின் ஓட்டம் 1.2 மீட்டருக்குச் சற்று மேல் என்பதால் 1:20 விகிதத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. பருமன் பொருந்தாது. உண்மைச் சிலிண்டரின் உள் விட்டம் சுமார் 12 செ.மீ.; மாதிரியில் 6 மி.மீ. வர வேண்டும். சிரிஞ்சின் உள் விட்டமோ ஏறக்குறைய 15 மி.மீ.

கவனிக்க வேண்டியவை:

- புதிய, ஊசி இல்லாத சிரிஞ்சுகளை மருந்துக் கடையில் வாங்க வேண்டும். மருத்துவமனைக் கழிவிலிருந்து எடுத்ததைத் தொடவே கூடாது.
- நீர் நிரப்பும்போது குழாயில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. நீர் அழுந்தாது, காற்று அழுந்தும். குமிழி இருந்தால் கை துவளும். குழாயை நீருக்குள் மூழ்கவைத்து இணைப்பது எளிய வழி.
- உண்மைச் சிலிண்டரில் பிஸ்டனின் இரு புறமும் எண்ணெய் தள்ளும். சிரிஞ்சில் ஒரு புறம் மட்டுமே. திரும்பி வருவது உறிஞ்சலால். ஆகவே கனமான வேலை எல்லாம் தள்ளும்போது நடக்கும்படி அமைக்க வேண்டும்.
- ஒவ்வொரு குழாயிலும் வேறு நிற நீர் விட்டால் எது எதை இயக்குகிறது என்று பார்வையாளருக்குத் தெரியும்.

சிறிதாக்கினாலும் சிறுக்காதவை

விகிதம் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. மாதிரி செய்பவர் அறிய வேண்டிய முக்கியமான பகுதி இதுவே.

எடை 8,000 மடங்கு குறைகிறது. ஆனால் அந்த எடையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பு 400 மடங்குதான் குறைகிறது. எனவே, ஒரே பொருளால் செய்தால், மாதிரியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமக்கும் பாரம் உண்மையில் உள்ளதில் 20இல் ஒரு பங்கு மட்டுமே. மாதிரிப் பூம் பிளைவுட்டிலும் நிற்பதற்குக் காரணம் இதுதான். மாதிரி நின்றுவிட்டது என்பதால் அதே வடிவில், அதே பொருளால் செய்த பெரிய இயந்திரமும் நிற்கும் என்று முடிவு செய்யக் கூடாது. பாலம், அணை என்று எந்த மாதிரிக்கும் இது பொருந்தும்.

மணலும் சிறுப்பதில்லை. அரை மில்லிமீட்டர் மணல் பரு, 1:20 மாதிரியின் முன் 1 செ.மீ. கூழாங்கல்லுக்குச் சமம். ஈரக் களிமண்ணின் ஒட்டும் தன்மையும் குறைவதில்லை. பெரிய பக்கெட்டிலிருந்து தன் எடையால் விழும் களிமண் சிறிய பக்கெட்டில் ஒட்டிக்கொள்ளும். கண்காட்சியில் காட்டுவதற்குச் சலித்த, சற்றே ஈரமான நுண்மணலே ஏற்றது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கும் இந்த இயந்திரமும்

இப்பகுதியின் நிலத்தை அண்மைக் காலத்தில் பெரிதும் மாற்றிய இயந்திரங்களில் இது ஒன்று. தாமிரபரணியின் வெள்ள உபரியைக் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து எம்.எல். தேரி வரை கொண்டுசெல்லும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயின் நீளம் ஏறத்தாழ 75 கி.மீ. 2009இல் தொடங்கிய திட்டம் அது. 2023 டிசம்பர் பெருமழையில் உடைந்த கரைகளை அடைத்ததும், கோடையில் குளங்களைத் தூர் வாருவதும் இவ்வகை இயந்திரங்களே.

ஆற்றுக்குள் இறங்கி மணல் அள்ளியதும் இதே இயந்திரம். 2010 டிசம்பரில், மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடர்ந்த பொதுநல வழக்கில், தாமிரபரணியில் மணல் அள்ளச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 5 ஆண்டுகளுக்குத் தடை விதித்தது.

இந்த வழக்கின் பொருளை மாதிரியைக் கொண்டே மாணவருக்கு விளக்கலாம். நம் ஊரில் மணலை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீட்டர். ஒரு கன மீட்டர் பக்கெட்டுக்கு அது மூன்று அள்ளல். தோண்டி, சுழன்று, கொட்டித் திரும்ப ஓர் அள்ளலுக்கு 20 விநாடி என்று வைத்தால், ஒரு யூனிட்டுக்கு ஒரு நிமிடம். மாதிரிக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 354 மி.லி.; மூன்று சிறு தம்ளர் மணல். ஒரு தட்டில் மணலைப் பரப்பி, அதில் ஆற்றின் குறுக்குவெட்டையும் 1:20இல் அமைத்து, மாதிரியால் பத்து நிமிடம் அள்ளச் சொன்னால், படுகை எவ்வளவு இறங்குகிறது என்பதை மாணவரே அளந்து சொல்வார். கரையோரக் கிணற்றில் நீர் ஏன் இறங்குகிறது என்ற கேள்வி அடுத்து அவரிடமிருந்தே வரும். குளத்தில் தூர் வாரினால் நீர் கூடுகிறது. ஆற்றில் மணலை வாரினால் நீர் இறங்குகிறது. இயந்திரம் ஒன்றே; இடம்தான் வேறு.

பள்ளிக் கண்காட்சியில்

செய்து விற்கப்படும் 'புராஜெக்ட்' மாதிரிகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கிய மாதிரியையும் செய்த மாதிரியையும் பிரித்தறிய நடுவருக்குச் சில கேள்விகள் போதும்: என்ன விகிதம்? எந்த இயந்திரத்தை அளந்தாய்? உன் பக்கெட்டின் கொள்ளளவு என்ன, உண்மைப் பக்கெட்டுக்கு அது எத்தனையில் ஒரு பங்கு? எதிர் எடையை எப்படிக் கணக்கிட்டாய்? எந்தப் பகுதி விகிதத்துக்கு வரவில்லை, ஏன்? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் மாணவர், அந்த மாதிரியைத் தாமே செய்திருப்பார்.

விசையும் இயக்கமும் பற்றிய செயல்மாதிரிகளை நேரில் இயக்கிப் பார்க்க விரும்பும் மாணவர்கள், திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கிவரும் மாவட்ட அறிவியல் மையத்துக்குச் செல்லலாம்.